வைகைத் தண்ணீரை அது வரும் நாளில் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைகை எங்கள் பக்கம் வருவதே ஆண்டில் சில வாரங்கள்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் வரும். இல்லையென்றால் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கென்று அணையில் இருந்து திறந்துவிட்டால் வரும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக் கருவேலமும்தான். இப்படி ஓடும் ஆற்றை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றுக்குப் போடுகிற அட்டவணையை வைத்தே சோதித்தால் அதன் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமல் மாசைக் கட்டுப்படுத்தவும் முடியாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், தயவுசெய்து இடம் கொடுங்கள்.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம், வாக்கப்பட்டது உச்சிப்புளி. அண்ணன்மார் கடல் தொழில் பார்ப்பவர்கள், மாமனார் வீட்டில் மிளகாய் விவசாயம். ஆற்றுத் தண்ணீர் கெட்டால் இரண்டு வீட்டிலும் அது தெரியும்.

நான் வேலையில் இருந்தபோது மாதிரி எடுக்கத் தேதி குறித்திருப்பார்கள். அந்தத் தேதியில் போவோம். ஆறு காய்ந்து கிடக்கும். படிவத்தில் 'நீரோட்டம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திரும்புவோம். அதற்குப் பிறகு ஒருநாள் தண்ணீர் வரும், சில நாள் ஓடும், நின்றுவிடும். அடுத்த தேதிக்குப் போனால் மறுபடியும் மணல். ஆண்டறிக்கையில் எங்கள் இடத்துக்கு நேரே பெரும்பாலும் ஒரு கோடு மட்டும் இருக்கும். "தண்ணி வர்ற அன்னைக்குப் போகலாமே சார்" என்று கேட்டால், "அது அட்டவணையில இல்லம்மா" என்பார்கள். வண்டி கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது, ஐஸ் வாங்கப் பணம் கிடையாது. அப்புறம் யார் போவது?

ஒரு வருடம் எங்கள் அதிகாரி ஒருவர் தன் பொறுப்பில் வண்டி கொடுத்தார். பார்த்திபனூர் மதகணைக்கு மேலே, தண்ணீரின் முன்முனை வரும் நேரம் பார்த்துக் காத்திருந்தோம். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தெளிந்த தண்ணீர் வராது. முதலில் கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, மணலைக் குடித்தபடி மெதுவாக ஊர்ந்து வரும். ஆகாயத்தாமரை, பாலித்தீன் பை, தேங்காய் மட்டை, செத்த கோழி எல்லாம் முன்னால் மிதந்து வரும். நாற்றம் முந்திக்கொண்டு வரும்.

தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்காமல் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்த இடத்திலேயே மாங்கனீஸ் சல்பேட் கரைசல் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கரைசல் கொஞ்சம் விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் புட்டிக்குள் பழுப்பு நிறத்தில் திரிந்து கீழே இறங்கும். நல்ல தண்ணீரில் கருப்பட்டி நிறத்துக்கே வந்துவிடும். அன்றைக்கு நான் பிடித்த புட்டியில் வெள்ளையாகத் திரிந்தது. வெள்ளை என்றால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் தயோசல்பேட் விட்டு அளந்து பார்க்க ஒன்றுமில்லை. சில நாள் கழித்து அதே இடத்தில் எடுத்த தண்ணீர் பழுப்பாகவே வந்தது. குறித்த தேதி அந்தப் பின்னாள்களில் விழுந்திருந்தால், ஆறு நன்றாக இருக்கிறது என்று அறிக்கை போயிருக்கும்.

மீன் வாழ ஆற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும், குளிக்க ஏற்ற ஆறு என்றால் 5 வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கழிவு மக்குவதற்கு எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்பதைக் காட்டும் பி.ஓ.டி. 3க்கு மேல் போகக்கூடாது. இந்த பி.ஓ.டி.யை வைத்துத்தான் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலை வாரியம் தயாரிக்கிறது. 2018இல் நாடு முழுக்க 351 பகுதிகள், 2022இல் 311 பகுதிகள். பட்டியல் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் புட்டி கொண்டுபோகாத நாளில் ஓடிய தண்ணீர் எந்தப் பட்டியலுக்குள்ளும் வராது.

இந்த முதல் தண்ணீர் ஏன் இப்படி வருகிறது? வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் ஆறு இது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது. மதுரைக்குள் ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் சாக்கடை நிற்பதில்லை. பந்தல்குடிக் கால்வாய் போன்றவை வழியாகக் கழிவுநீர் வந்து ஆற்றுக்குள் குட்டை குட்டையாகத் தேங்குகிறது. அடியில் கறுப்புச் சேறு படிகிறது. மாதக்கணக்கில் சேர்ந்த அத்தனையையும், அணைத் தண்ணீர் வந்ததும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு கிழக்கே அனுப்புகிறது. மதுரை மக்களை நான் பழிக்கவில்லை. அவர்களும் நாறும் ஆற்றோடுதான் குடியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கலப்பதன் முழுப் பாதிப்பு அங்கே தெரியாது என்பதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும்.

இது என் யூகம் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் 1925இலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பு வழியாகக் காற்றில் இருந்து புது ஆக்சிஜன் கரைகிறது. செலவு வரவை மிஞ்சும்வரை ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும். கழிவு தீரத் தீர மறுபடி ஏறும். அதனால் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்து போகும் இடம் சாக்கடை கலக்கும் இடம் அல்ல. ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்து அதற்குக் கீழே தள்ளி எங்கோ இருக்கும். அது எங்கே என்பதைக் கணக்கு சொல்லும். இன்று உலகம் முழுவதும் ஆறுகளுக்குப் பயன்படுத்தும் கணினி மாதிரிகளின் அடிப்படை இந்தக் கணக்குதான்.

லண்டன் தேம்ஸ் நதியின் கழிமுகத்தில் உயிரே இல்லை என்று 1957இல் சொன்னார்கள். அங்கே ஒரு குழு பல ஆண்டு ஆற்றை அளந்து, எந்தக் கழிவு எந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கிறது என்று கணக்கிட்டு, 1964இல் அறிக்கை கொடுத்தது. எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சீரமைத்தால் ஆறு எவ்வளவு தேறும் என்பது அதனால் முன்கூட்டியே தெரிந்தது. பணத்தை அந்த இடத்தில் போட்டார்கள். 1974இல் அந்த ஆற்றில் சால்மன் மீனைப் பார்த்தார்கள். அளந்து, கணக்குப் போட்டு, அப்புறம் செலவு செய்தார்கள். நம் பக்கம் முதலில் செலவு செய்கிறோம், கரையில் கல் பதிக்கிறோம், நடைபாதை போடுகிறோம். தண்ணீரை அளப்பது கடைசி வேலையாகிவிடுகிறது.

நம் ஆற்றுக்கு ஒஹையோக் கணக்கை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அது ஓட்டம் ஒரே சீராக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிற கணக்கு. வைகையில் ஓட்டம் ஒருநாள் இல்லை, மறுநாள் வெள்ளம். மணல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீர் வந்து சேரும் நேரமே மாறும். வெப்பமும் வேறு. 20 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கடல் உப்பு ஏறினால் 6 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நமக்கு இருப்பதே குறைவு, அதிலும் சாக்கடை பங்கு கேட்கிறது. ஆகவே முதல் தண்ணீரை மையமாக வைத்து, நேரத்துக்கு நேரம் மாறும் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கும் கணினி மாதிரி நமக்கென்று வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மதுரைப் பல்கலைக்கழகத்திலும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது, தண்ணீர் வரும் நாளில் எடுத்த அளவுகள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. தண்ணீரின் அளவு ஒரு துறையின் பதிவேட்டில் இருக்கிறது, தரம் வேறொரு துறையின் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்தான் மாசின் உண்மையான சுமை தெரியும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 1,000 கன அடி தண்ணீர் போகிறது, அதில் பி.ஓ.டி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராம் என்றால் கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் ஒருநாளில் போகும் மொத்தச் சுமை ஏறக்குறைய 24 டன். அது எங்கே போய்ச் சேர்கிறது? பெரிய கண்மாயில் சேர்கிறது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாகப் பாக் நீரிணைக்குப் போகிறது.

"சரி, அந்த முதல் தண்ணீரைக் கண்மாய்க்குள் விடாமல் கடலுக்கு விட்டுவிடலாமே" என்று ஒரு கூட்டத்தில் படித்த பெரியவர் ஒருவர் கேட்டார். எங்கள் மாவட்டத்தில் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொன்னால் எந்த விவசாயி ஒத்துக்கொள்வார்? ஒத்துக்கொண்டாலும் கடல் மட்டும் யாருடையது? பாக் நீரிணை ஆழமில்லாத கடல். முகத்துவாரத்தை மணல்திட்டு பாதி அடைத்திருக்கும் நாளில், வந்த தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்கிற இடம் அது. வெளியே கடற்புல் படுகைகள். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய காலில் சிரங்கு வந்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பூங்கோரை என்று மீனவர்கள் சொல்வார்கள், நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்தது. அதற்கு வைகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது மன்னார் வளைகுடாப் பக்கம் நடந்தது, பருவமும் காற்றும் நீரோட்டமும் சேர்ந்த கதை அது. நான் கேட்பது வேறு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருந்ததால் அன்று என்ன நடந்தது என்று உடனே சொல்ல ஆள் இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில் நாளைக்கு மீன் செத்து மிதந்தால், அதற்கு முந்தைய நாள் அங்கே தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

கருவி வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்தில் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டுத் திறப்பு விழா நடத்திவிட்டுப் போனால், உப்புத்தண்ணீரில் சில வாரத்துக்குள் அதன் முகத்தில் பாசியும் கொட்டலசும் பிடித்துவிடும். அதற்குப் பிறகு அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. வாரம் தவறாமல் துடைக்க, சரிபார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் துடைக்கும் ஆளின் பணத்தையும் சேர்த்து எழுதாத திட்டம் எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

எதை அளப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பி.ஓ.டி. சோதனைக்குப் புட்டியை 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் அந்தத் தண்ணீர் கண்மாய்க்குள் போயிருக்கும். ஆகவே உடனே தெரிகிற ஆக்சிஜன், அம்மோனியா, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், கலங்கல் ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்க வேண்டும். இவற்றுக்கும் பி.ஓ.டி.க்கும் உள்ள தொடர்பை ஓரிரு பருவம் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டால், பி.ஓ.டி. எவ்வளவு என்பதைக் கணினி மாதிரி அன்றைக்கே சொல்லிவிடும். நீர்மட்டம் ஏறியதும் தானாக விழித்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை புட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கும் எந்திரம் இருக்கிறது. 24 புட்டி உள்ளே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நடுராத்திரி எல்லாம் அதற்குக் கிடையாது. மின்கடத்துதிறன் மிளகாய் விவசாயிக்கும் வேண்டிய எண். பாசனத்துக்கு 2,250 மைக்ரோமோவைத் தாண்டக்கூடாது. எங்கள் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. அந்தச் செடிக்குப் பாயும் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று கேட்க உரிமை இருக்கிறது.

நேரமும் முக்கியம். கண்மாயில் பாசி மண்டியிருந்தால் பகல் 11 மணிக்கு எடுத்த புட்டியில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், வெயிலில் பாசியே ஆக்சிஜன் விடுகிறது. அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை உறிஞ்சும். விடியற்காலையில் பார்த்தால் கெண்டையெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கும் மாதிரியில் இந்தக் கஷ்டம் ஒருநாளும் பதிவாகாது.

இத்தனையும் அளந்து என்ன செய்வது? அணையைத் திறக்கும் தேதி முன்னாலேயே தெரியும். அந்தத் தேதிக்கு எத்தனை நாள் முன்பு மதுரையில் குட்டைகளில் தேங்கியதை இறைத்துச் சக்கிமங்கலம் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும், எந்தக் கால்வாயை முதலில் அடைத்தால் அதிகப் பலன், எவ்வளவு திறந்தால் அழுக்கு எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதைக் கணினி மாதிரி சொல்லும். கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு கருவி, கீழே ஒரு கருவி வைத்தால் எந்தச் சாக்கடையின் பங்கு எவ்வளவு என்பதில் வாதமே இருக்காது. இங்கிலாந்தில் 2021இல் கொண்டுவந்த சுற்றுச்சூழல் சட்டம் கழிவுநீர் விழும் இடங்களுக்கு இதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. நம்மிடம் 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்பதற்கான எண்கள் இல்லை.

கீழே இருக்கிற எங்களுக்கும் சொல்ல வேண்டும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் இறைத்துக் குடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் வேறு என்ன செய்வார்கள்? "இன்னும் இரண்டு நாளைக்கு ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், மாட்டை ஆற்றில் விடாதீர்கள்" என்று ஊராட்சி ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். அதைச் சொல்ல முன்கூட்டியே ஓர் எண் வேண்டும்.

உங்கள் நாளிதழில் அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் தினமும் போடுகிறீர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். வைகையில் தண்ணீர் ஓடும் நாள்களில் அதன் பக்கத்திலேயே விரகனூர், மானாமதுரை, பார்த்திபனூர், ஆற்றங்கரை என்று இடம் போட்டு, ஆக்சிஜன் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று ஒரு வரி போடுங்கள். அந்த எண்ணைத் தரச் சொல்லி அதிகாரிகளைக் கேளுங்கள். அச்சில் வர ஆரம்பித்துவிட்டால் அளக்காமல் இருக்க முடியாது. மக்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். நாற்றத்தை வைத்தே தண்ணீர் எப்படி என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எண்ணைப் பார்த்துப் புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரும் ஐப்பசிக்கு முன்னால் பார்த்திபனூரில் ஒரு கருவி, ஒரு ஐஸ் பெட்டி, தண்ணீர் வருகிற அன்றைக்குக் கேட்காமலே புறப்படும் ஒரு வண்டி, இவ்வளவு இருந்தால் முதல் பருவத்தின் அளவுகள் கிடைத்துவிடும். மாதிரி எடுக்க ஆற்றங்கரை, அழகன்குளம், பரமக்குடிப் பிள்ளைகளையே அமர்த்தலாம். வேதியியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குமிழி நிற்காமல் புட்டியில் தண்ணீர் பிடிப்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, கூப்பிட்டால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.